வாய் திறக்காத ஆம்புலன்ஸ்

நாலு வருஷமாக ஒரே ஆம்புலன்சில் ஓடிய நர்சும் டிரைவரும் இதுவரை ஒரு முழு வாக்கியம்கூடப் பேசிக்கொண்டதில்லை என்கிற பயங்கரத்தை மேலிடம் கண்டுபிடித்தது.

அவளுக்கு அவன் பாஷை தெரியாது. அவனுக்கு அவள் பாஷையில் "அக்கா" மட்டும் தெரியும். அவள் மோவாயைத் தூக்கினால் ஸ்ட்ரெச்சர். கதவில் இரண்டு தட்டு தட்டினால் கிளம்பு. பிழைத்தவர் யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும், "உரிய உரையாடலின்றி உயிர்கள் காக்கப்பட்டு வருவது கவனத்திற்கு வந்துள்ளது" என்று கடிதம் வந்துவிட்டது.

மூன்று நாள் இருமொழிப் பயிற்சி. தேறாவிட்டால் நர்ஸ் ஃபைல் அறைக்கு. வண்டியை விட்டு இறங்குவதென்றால் அவளுக்குக் கையை வெட்டிக் கொடுக்கிற மாதிரி.

விதி எளிது. நர்ஸ் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொண்டு டிரைவருக்குச் சொல்லி, அவன் புரிந்ததென்று சொல்வதை மறுபடி நர்சிடம் வந்து சொன்ன பிறகே நோயாளியைத் தொடலாம். மூன்றாம் நாள் தேர்வில் நாலாவது அணி பதினோரு நிமிஷத்தில் பொம்மை நோயாளியின் சட்டைப் பொத்தான் வரை வந்தது. ஒரே கைதட்டல்.

"அதுக்குள்ள ஆள் போயிருப்பாரே சார்?" என்றாள் நர்ஸ்.

"போனா என்னம்மா? முறைப்படி போவாரு," என்றார் பயிற்சி அதிகாரி, பிஸ்கட்டை வாயில் போட்டபடி.

பிஸ்கட் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கழுத்தைப் பிடித்தார், முகம் நீலம் பாரித்தது. அதுவரை தேறியிருந்த நாலு அணிகளும் விறைப்பாக எழுந்து நின்று மொழிபெயர்ப்பாளரைத் தேடின. அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

நர்ஸ் புருவத்தை அசைத்தாள். டிரைவர் அதிகாரியை முன்னால் குனியவைத்துப் பிடித்தான். அவள் முதுகில் ஓங்கி ஐந்து அறை வைத்தாள். மூன்று நாள் எரிச்சலும் அதில் சேர்த்தி. ஐந்தாவதில் பிஸ்கட் பறந்துபோய்ப் பொம்மையின் நெற்றியில் ஒட்டியது.

அதிகாரி மூச்சு வாங்கினார். கண்ணைத் துடைத்தார். பேனாவை எடுத்தார்.

"ஃபெயில்."

"சார்! உசிரோட இருக்கீங்களே!"

"அதானேம்மா ஆதாரம். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலையே."

கையெழுத்துப் போட்டு முடித்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, எங்க வீட்ல ஏதாவதுன்னா நீங்க ரெண்டு பேரும்தான் வரணும், என்ன?"

"நான் ஃபைல் ரூம்ல இருப்பேன் சார். உங்களுக்கு வர்றது பாஸானவங்க."

அதிகாரி உத்தரவை மாற்றவில்லை, பிஸ்கட் தின்பதை விட்டுவிட்டார்.

மறுவாரம் இரண்டு மொழியிலும் சுற்றறிக்கை வந்தது: "பொதுமக்கள் தத்தம் நலன் கருதி உணவை நன்கு மென்று உண்ணவும்."

ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரே குனிந்து மென்றுகொண்டிருக்கிறது.