மச்சான் அனுப்பிய இங்கிலாந்துப் பாரம்பரியம்

தாராவி, மும்பை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் தாஹிர் அவர்களுக்கு, தங்கள் தங்கை சைனபின் கணவன் முகம்மது ஹனீப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மேலப்பாளையத்தில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தங்களிடம் இருந்த மோட்டார்சைக்கிள் இப்போது எங்களிடம் அல்லவா இருக்கிறது!

ஏதோ டீ எஸ்டேட் பங்களாக் கொட்டகையில் கிடந்ததை வாங்கி, "மருமகள் சாயிமாவுக்கு மாமாவின் அன்பளிப்பு, இது சாதாரண வண்டி அல்ல, இங்கிலாந்தின் இன்ஜினியரிங் பாரம்பரியம்" என்று சொல்லி அனுப்பினீர்கள். பாரம்பரியம் லாரியில் சாக்குச் சாக்காக வந்து இறங்கியது. பிரித்தால் பாதி துரு, மீதி எலிப்புழுக்கை. டிராம்பேயில் பம்பு இன்ஜினியராக இருக்கிற பிள்ளை லீவு நாளிலாவது தூங்குவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ என் தோல்பைப் பட்டறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, துருவைத் தேய்த்து வண்டியைப் பூட்ட ஆரம்பித்துவிட்டாள். நம்ம ஊர் ஸ்பேனர் ஒன்றும் அந்த நட்டில் உட்காராது. வெள்ளைக்காரன் அதற்கென்று தனியாக ஒரு அளவு வைத்திருந்தானாம். அதைப் பார்த்து, "எவ்ளோ அழகா யோசிச்சிருக்காங்க வாப்பா" என்கிறாள். அழகுதான். அவன் நாட்டை விட்டுப் போயி எழுபது வருசத்துக்கு மேல ஆச்சி, அவன் வண்டி இன்னும் என் பட்டறைத் தரையில எண்ணெய் ஒழுகிட்டுக் கெடக்கு.

சரி, அதோட முடிஞ்சிதா? போன ஞாயித்துக்கிழமை சாயிமாவைப் பொண்ணு பார்க்க இங்க பக்கத்துல சயனிலேருந்து வந்தாங்க. பையன் பைசான், பேங்க்ல வேலை, நல்ல குடும்பம். சைனப் ஒரு வாரமா வீட்டைத் தொடச்சி, என்னையும் தொடச்சி வச்சிருந்தா. பிரியாணி சாப்பிட்டுட்டு மாப்பிள்ளை கீழே இறங்கினவரு, பட்டறையில பளபளன்னு நிக்கிற வண்டியைப் பாத்துட்டாரு. "அங்கிள், ஏக் ரவுண்ட்?"ன்னாரு. சாயிமா மரியாதையாத்தான் சொன்னா: "இதுல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. பாத்து மிதிங்க."

"ஐ நோ, ஐ நோ. வின்டேஜ் எல்லாம் நமக்கு அத்துப்படி."

அத்துப்படியானவரு கிக்கரை ஓங்கி மிதிச்சாரு. அது திருப்பி ஒதைச்சதுல ரெண்டடி தள்ளிப் போய் நின்னாரு. அவங்கம்மா மொகம் சுருங்கிப் போச்சி. என் மக என்ன செஞ்சா தெரியுமா? அடக்கமா நிக்க வேண்டியவ, பட்டுச்சேலையை இழுத்துச் செருகி, திருப்பி ஒதைக்காம இருக்க கைப்பிடியில இருக்கிற குட்டி லீவரைப் பின்னால தள்ளி, ஒரே மிதி. வண்டி 'டுப் டுப்'புன்னு ஓட ஆரம்பிச்சிட்டு. சந்தோசம்! பொண்ணு பாக்க வந்த எடத்துல இதவிட என்ன வேணும்?

மாப்பிள்ளை கிளம்பினாரு. தெரு முனையில அப்பளம் இட்டு விக்கிற ஆறுமுகத்தாய் கூடையைக் கவுத்து, அது மேல அப்பளம் காயப்போட்டிருந்தா. பிரேக்குன்னு நெனச்சி வலது காலை மிதிச்சிருக்காரு. கியர் மாறி, வண்டி உறுமிக்கிட்டு நேரா கூடை மேல ஏறிட்டு. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆனா குர்தா, தலை, தாடி எல்லாம் ஈர அப்பளம். ஆறுமுகத்தாய் இடுப்புல கை வச்சிக்கிட்டு, "ஏலே அந்தா ஹை க்யா? கண்ணு தெரியலையா? வண்டி ஓட்ட வந்தியா, அப்பளம் இட வந்தியா?"ன்னு கேட்டதைத் தெருவே கேட்டுச்சி. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. பாரம்பரியம் பாருங்க!

மேல வந்ததும் மாப்பிள்ளையோட அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "வண்டியை வித்துருங்க, பொண்ணும் வேலையை விட்ரட்டும். அப்புறம் மேல பேசலாம்." அமைஞ்சு வந்த சம்பந்தம் இப்படித் தங்கள் அன்பளிப்பால் அந்தரத்தில் தொங்குகிறது. சைனப் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அண்ணன் செய்த காரியத்துக்குத் தண்டனை புருஷனுக்கு. ஆகவே வண்டியை அடுத்த லாரியில் தங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். வாசலில் நிறுத்தித் தாங்களே பாரம்பரியத்தை அனுபவிக்கவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு சலாம், சிறியவர்களுக்கு துஆ. அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், அன்பளிப்பு கொடுக்கும் ஆசையிலிருந்து விடுதலையையும் தருவானாக.

இப்படிக்கு,
மு. ஹனீப்

பின்குறிப்பு: லாரி ஏதும் வராது. நேற்று சாயிமாவிடம் அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. "உங்களுக்குச் சந்தோசம்னா வித்துரலாம் வாப்பா, வேலையையும் விட்டுர்றேன்"னு சொல்லிட்டு, வண்டியைத் துணியால தொடச்சிக்கிட்டே நின்னா. வெளியே வந்து சயனுக்குப் போன் போட்டு, எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டேன். பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன். சைனபுக்கு மட்டும் இன்னும் தெரியாது. நீங்க போன் பண்ணிப் பக்குவமாச் சொல்லிருங்க மச்சான். மேலப்பாளையம் நல்ல தூரத்துல இருக்கு.