வீட்டுக்குப் பத்துத் தொட்டி

மூன்றாம் முறை படித்தபோதும் கீழ்த்தளத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் மாறவில்லை.

"வீடு ஒன்றுக்குப் பத்துத் தொட்டிகளுக்கு மேல் செடி வளர்க்கக் கூடாது. இன்று காலை பத்து மணிக்குச் சோதனை. மிகுதி குப்பை வண்டியில் ஏற்றப்படும். செயலாளர், குடியிருப்போர் சங்கம்."

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, மணி எட்டு. மூன்றாம் மாடியில் அவர் வீட்டில் இருந்தவை நூற்று முப்பது தொட்டிகள்.

அத்தனையும் அவர் வாங்கியதென்று சொன்னால் பாவம். வாங்கியது ஏழுதான். அதில் உருண்டைக் கள்ளி ஒன்று ஓரத்தில் குட்டி போட்டது. பிரித்து நட்டார். அந்தக் குட்டி தன் பங்குக்கு நான்கு போட்டது. தடித்த இலை ஒன்று தவறி விழுந்து, கிடந்த இடத்திலேயே வேர் விட்ட அன்று சந்தோஷத்தில் அவர் வேலைக்கே போகவில்லை. ஜன்னல் நிரம்பியது, சாப்பாட்டு மேஜை நிரம்பியது. கடைசியில் மனைவியின் தையல் மெஷின் மேலும் ஒரு தட்டு ஏறியது.

மனைவி தையல் வேலை செய்பவள். அவள் தைத்துக் கொடுத்த புதுக் கால்சட்டையைப் போட்டு உட்கார்ந்த ஒருவர், உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, முள்ளும் கையுமாக வந்து கத்திவிட்டுப் போனார். அப்போதும் அவள் புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படியொரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று மெக்கானிக் தன் கம்பெனி முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போனார்.

"ரெண்டு வாரமா மக வீட்ல இருக்கற மனுஷன், அங்கேருந்தே ரூல் போடறாரு பாரு!" என்று மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"இன்னிக்கு வர்றாராம்ங்க. வாட்ச்மேன் சொன்னாரு."

"ஏழு வருஷமா சும்மா உக்காந்திருந்த கிழட்டுக் கள்ளி இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு. அது மட்டுமா? எதைக் குப்பைல போடறது, எதை வெச்சுக்கறது? எல்லாம் என் புள்ளைங்கம்மா!"

"அழாதீங்க. ஒளிச்சு வெச்சிடலாம்," என்றாள் அவள்.

முதலில் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். நாற்பதுதான் கொண்டது. எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மெக்கானிக்கின் முதுகில் பதினோரு முள். மீதியைக் குளியலறைக்கு மாற்றினார்கள். கை கழுவப் போனவர் பழக்கதோஷத்தில் ஷவரைத் திருகிவிட்டார்.

"ஐயோ! மாசத்துக்கு ஒரு தடவை தண்ணி குடிக்கிற ஜாதிங்க அது!" என்று அவரே அலறினார்.

மனைவி துண்டை எடுத்து ஒவ்வொரு கள்ளியாக ஒற்றினாள். துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டது. துண்டை இழுத்தாள், தொட்டியும் வந்தது.

"வீட்டுக்குள்ள எங்க வெச்சாலும் கண்ணுல படும்," என்றாள் அவள், விரலைச் சப்பிக்கொண்டே. "உங்க தொழில்ல ஒரு இடம் இருக்காதா?"

மெக்கானிக்கின் முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு எரிந்தது. "லிஃப்ட்டு!"

அரை மணி நேரத்தில் நூற்று முப்பதும் ஸ்டாண்டுகளோடு லிஃப்ட்டில் ஏறின. மொட்டை மாடியில் இருந்த லிஃப்ட் மெஷின் ரூமுக்கு ஓடி, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தினார். 'பழுது' என்று கீழே பலகையும் மாட்டினார். யாராவது ஆள் கூப்பிட்டால்? இந்தக் கட்டடத்துக்கு மெக்கானிக்கே அவர்தானே! அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

போன் அடித்தது. செயலாளர்.

"லிஃப்ட்டு நின்னுடுச்சாமே? நாலு பெட்டியோட வந்துட்டிருக்கேன்யா. பத்து மணிக்கு லிஃப்ட்டு ஓடலைன்னா உன் கம்பெனிக்கே எழுதிப் போட்டுடுவேன்!"

செடி போகும், இல்லாவிட்டால் வேலை போகும். மணி ஒன்பதரை.

"மூணாவது மாடிக்கு ஏத்திடறேன். நீ கதவுகிட்ட நின்னு, வர வர வீட்டுக்குள்ள எடுத்து வை. அப்புறம் யோசிப்போம்!"

மெஷின் ரூமில் விசையைப் போட்டார். கீழ்த்தளத்தில் பதினைந்து குடும்பங்கள் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தது அவருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரான டாக்ஸி டிரைவர் நான்கு நிமிடமாகப் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. உயிர் வந்த லிஃப்ட், மெக்கானிக்கை மதிக்காமல் நேராகக் கீழே இறங்கிவிட்டது.

அவர் படிகளில் விழுந்தடித்து வந்து சேர்ந்தபோது கதவு திறந்துகிடந்தது. மொத்தக் கூட்டமும் வாயைப் பிளந்து நின்றது.

"அடேயப்பா! இது என்ன, முயல் காது மாதிரி?" என்றார் டாக்ஸி டிரைவர்.

"இது கல்லா, செடியா?" என்றாள் முதல் மாடி நர்ஸ்.

கூடவே இறங்கி வந்த மனைவி தொண்டையைச் செருமினாள். "வீட்டுக்குப் பத்து வெச்சுக்கலாம்னுதானே ரூலு? வேணுங்கறவங்க எடுத்துக்கோங்க. ரூலும் மீறலை, செடியும் பொழைச்சுக்கும்."

மெக்கானிக்கின் நெஞ்சில் இடி விழுந்தது. ஆனால் நர்ஸ் ஒரு குட்டியைக் கையில் ஏந்தி, "இதுக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்ண்ணே?" என்று கேட்டதும் அவருக்குள் ஏதோ திறந்துகொண்டது.

"ஊத்தவே ஊத்தாதம்மா! மண்ணு காஞ்சு, நாள் எண்ணி, அப்புறம் ஒரு மடக்கு! டிரைவர் தம்பி, அதை வெயில்ல வைங்க! ஐயையோ, அதைத் தலைகீழாப் பிடிக்காதீங்க!"

பத்து நிமிடம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பதினோராவது தொட்டிக்குக் கை நீட்டிய டிரைவரை நர்ஸ் அதட்டினாள். ஒரு பையன் தன் பங்குக் கள்ளிக்கு அங்கேயே பெயர் வைத்துவிட்டான். பத்து மணிக்கு லிஃப்ட் காலி. மொட்டு விட்ட கிழட்டுக் கள்ளியோடு சேர்த்து மிஞ்சியவை சரியாகப் பத்து.

"என் வீடு ஒண்ணுதான் தோட்டமா இருந்துது," என்றார் மனைவியிடம், கண் கலங்க. "இப்ப மொத்தக் கட்டடமும் என் தோட்டம்! வாரம் ஒரு தடவை எல்லார் வீட்டுக்கும் போய்ப் பாத்துட்டு வரப்போறேன். எல்லாம் உன்னாலதாம்மா!"

"இருக்கட்டும்ங்க," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. செயலாளர் நான்கு பெட்டிகளோடு இறங்கினார். மெக்கானிக் பத்துத் தொட்டிகளையும் வரிசையாக அடுக்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். செயலாளர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிஃப்ட்டில் ஏறினார், கதவு மூடியது, போய்விட்டார்.

"என்னம்மா இது? எண்ணாமலே போறாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள், பெட்டிகளை ஏற்றிவிட்டுத் திரும்பிய வாட்ச்மேன், கையில் கசங்கிய காகிதத்தோடு அவளிடம் வந்து சொன்னார்:

"நல்லவேளைம்மா, நீங்க எழுதிக் குடுத்த நோட்டீஸ ஐயா கண்ணுல படறதுக்குள்ள கிழிச்சுட்டேன்."