ஆவிக்கு விளக்கம் கேட்ட கொக்கு

ஒரு காட்டில், அடுப்பு மூட்டுவதற்கும் படிவம் நிரப்ப வேண்டியிருந்த காலத்தில், செங்கமலம் என்றொரு கரடி இருந்தாள். வீட்டிலேயே பீர் காய்ச்சுவதில் கெட்டிக்காரி. அவள் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "செங்கமலம் காய்ச்சிய பீர் பந்திக்கு வராவிட்டால் மாப்பிள்ளை மணமேடை ஏறமாட்டான்" என்று சம்பந்திக் கரடி கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பதினாறே நாள். பீர் புளிக்கவே பதினைந்து நாள் வேண்டும்.

அன்று காலையே முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்து, ஏழு லிட்டர் பாத்திரத்தில் ஆறு லிட்டர் சாறு ஊற்றினாள். நுரை பொங்கினால் தாங்குவதற்குத்தான் மீதி இடம். அளவு பார்க்க வந்த அதிகாரி ஒரு கொக்கு. தன் காலையே அளவுகோலாக உள்ளே விட்டது. முழங்கால் நனைந்தது. "ஆறு" என்று எழுதிக்கொண்டது.

செங்கமலம் கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டாள். அந்தக் கசப்பு இறங்க ஒரு மணி நேரம் கொதித்தாக வேண்டும். கொதித்தது. ஆறியதும் கொக்கு மறுபடி காலை விட்டது. முழங்கால் நனையவில்லை.

"ஒரு லிட்டரைக் காணோமே, யாரும்மா குடிச்சது?"

"ஆவியாப் போயிடுச்சுங்க ஐயா. கொதிச்சா கொறையத்தானே செய்யும்?"

"படிவத்துல ஆவிக்குக் கட்டமே இல்ல. முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு இருக்கணும். இல்லேன்னா பாத்திரம் ஜப்தி. மூடி போட்டு இன்னொரு தரம் கொதிக்க வை, போனது திரும்பி வந்துடும்."

கொக்குக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். அதிகாரி சொன்னால் தட்ட முடியுமா? செங்கமலம் மூடி போட்டு, மேலே கல்லும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மூடி எகிறியது, நுரை பொங்கி அடுப்பே அணைந்தது. மிஞ்சியது மூன்று லிட்டர்.

பார்லியும் தீர்ந்துவிட்டது, நாளும் இல்லை. செங்கமலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். கொக்கின் கண்ணெதிரிலேயே மூன்று லிட்டர் தண்ணீரை ஊற்றினாள்.

கொக்கு காலை விட்டது. முழங்கால் நனைந்தது.

"பாத்தியா? ஒழுங்காக் கொதிக்க வச்சா கொறையவே கொறையாது!" என்று மகிழ்ந்து மூடியில் முத்திரை குத்திவிட்டுப் போனது.

பதினைந்து நாள் புளித்த பீர் கல்யாணப் பந்திக்கு வந்தது. சம்பந்தி ஒரு மடக்குக் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, கை கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

மேளம் நின்றது. மணப்பெண் அக்காவைப் பார்த்தாள். செங்கமலம் முத்திரை குத்திய மூடியை நீட்டினாள். சம்பந்தி எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'கொதித்தும் குறையாதது. முதல் தரம்.'

"அடேயப்பா!" என்று இன்னொரு மடக்குக் குடித்தார். ஐந்தே நிமிடத்தில் கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது. மேளக்காரரைக் கட்டிக்கொண்டு, "தாலியக் கட்டச் சொல்லுங்கடா!" என்று தேம்பித் தேம்பி அழுதார்.

நீதி: பக்குவமாய்க் காய்ச்சினால் பாத்திரம் ஜப்தியாகும், தண்ணீர் ஊற்றி முத்திரை வாங்கினால் போதை தானாக ஏறும்.