ரீங்காரச்சிட்டுக்குப் பதினோரு தொண்டர்கள்

“கொசுதானே வரைஞ்சிருக்கீங்க, எலாடியோ அண்ணே?”

ரொட்டிக்கடை ஹன்னியா கீழேயிருந்து கேட்டபோது எலாடியோ ஏணியின் ஏழாவது படியில் நின்றிருந்தார். வாயில் ஒரு பிரஷ், கையில் ஒரு பிரஷ். வாயில் இருந்ததை எடுத்துவிட்டுத்தான் கோபப்பட முடிந்தது.

“கொசு இல்லம்மா. ரீங்காரச்சிட்டு, பூவுல தேன் குடிக்கிற குருவி. எங்க கட்சிச் சின்னம்.”

“ரீங்காரம் கொசுவுக்கும்தான் இருக்கு. போன வாரம்தான் டெங்குக்குப் புகை அடிச்சிட்டுப் போனாங்க. இதைப் பாத்தாங்கன்னா மறுபடியும் மிஷினைத் தூக்கிட்டு வந்துடுவாங்க.”

எலாடியோ இறங்கி வந்து, சாலையைத் தாண்டிப் போய் நின்று பார்த்தார். மாட்டுத்தீவனக் கடைச் சுவர் முழுக்க, ஐந்து மீட்டர் நீளத்துக்கு, இரத்தம் குடிக்கத் தயாராக ஒரு கொசு நின்றது.

முப்பது வருடம் புரிஸ்கால் சாலையில் பஸ் ஓட்டியவர் எலாடியோ. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மனைவி யமிலெத் இறந்துபோனாள். அதன்பின் இரண்டு வருடமாக வீட்டுக்குள் அவருக்கு ரேடியோதான் துணை. நவம்பரில் ஒரு காலை, அதில் ஜனாதிபதி வேட்பாளர் மார்செலா உமான்யா பேசினார். “எங்க கட்சியில சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட இல்லை. வர்றவங்க எல்லாம் சும்மா வந்து உழைக்கிறவங்கதான். உங்ககிட்ட ரெண்டு கை இருக்கா?”

எலாடியோ தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் இருந்தன. தொலைபேசியை எடுத்தார்.

தலைநகர் சான் ஹோஸேயிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இரண்டு டப்பா பச்சைப் பெயின்ட், பன்னிரண்டு பச்சை பனியன், கூடவே நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு. சிட்டின் அலகு எத்தனை பாகை சாய வேண்டும், வால் எங்கே பிரிய வேண்டும், எந்தப் பச்சை, எந்தப் பச்சை கூடவே கூடாது, எல்லாம் அதில் இருந்தது. எழுதியவள் பிரிசில்லா என்ற பெண். அவளும் சம்பளமில்லாத தொண்டர்தான். ஆனால் போனில் பேசும்போது மந்திரி மாதிரி இருக்கும்.

அவளுக்குக் கொசுவைப் படமெடுத்து அனுப்பினார்.

“அண்ணே, ஒன்பதாம் பக்கத்தைப் படிச்சீங்களா?”

“படிச்சேன்மா.”

“அலகு உடம்புல பாதிதான் இருக்கணும். உங்களுது உடம்பை விட நீளம். சனிக்கிழமை மேடம் உங்க ஊருக்கு வர்றாங்க. அதுக்குள்ள சரி பண்ணிடுங்க.”

அன்றைக்குத் திங்கட்கிழமை.

எலாடியோ அலகைப் பாதியாக வெட்டினார். மேலே வெள்ளை அடித்ததில் கழுத்தும் கொஞ்சம் போய்விட்டது. கழுத்தைத் தடிமனாக்கினார். அதற்கு ஏற்ற மாதிரி மார்பையும் பெருக்க வேண்டி வந்தது. மாலையில் ஒரு லாரிக்காரர் நிறுத்திக் கேட்டார்: “பெரியவரே, கோழிக்கடை எப்பத் திறக்கிறீங்க?”

மறுநாள் காலை அவர் வந்தபோது ஏணிக்குக் கீழே சேப்பெ நின்றிருந்தார். சுவரும் ஏணியும் சேப்பெக்குச் சொந்தம். வாயைத் திறந்து பேசுவது மட்டும் அவருக்குச் சொந்தமில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கட்சியில சேர்றீங்களா, சேப்பெ?”

சேப்பெ தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது ஏணி மேலிருந்து தெரியவில்லை. எலாடியோ ஒரு பனியனை எறிந்தார்.

பத்து மணிக்கு ஹன்னியா காப்பியும் சூடான ரொட்டியும் கொண்டு வந்தாள். வந்தவள் போகவில்லை. “றெக்கை சின்னதா இருக்கு. அதான் கோழியாத் தெரியுது. நகருங்க” என்று பிரஷை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு பனியன். மதியம் வெல்டர் மெல்வின் வந்தார். இடுப்பில் கை வைத்துச் சுவரை வெகு நேரம் பார்த்தார்.

“வால் சரியில்லை.”

“நீங்களுமா மெல்வின்? நீங்க எப்பவும் சிவப்புக் கட்சியாச்சே?”

“வால் சரியில்லைன்னுதான் சொன்னேன். பிரஷைக் குடுங்க.”

எலாடியோ பிரஷை நீட்டினார். ஊரில் சிவப்புக் கட்சிக் கொடியை முதலில் ஏற்றுபவர் மெல்வின். அவரே மனம் மாறிவிட்டாரென்றால் நாடே மாறுகிறது என்றுதானே அர்த்தம்?

புதன்கிழமை இறகு பெரிதாகி வௌவால் ஆயிற்று. வியாழக்கிழமை பச்சைப் பெயின்ட் தீர்ந்தது. மெல்வின் இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் நீலத்தைக் கொண்டு வந்தார். இன்னொருவர் குழந்தைத் தொட்டிலுக்கு அடித்ததில் மிச்சமிருந்த மஞ்சளைக் கொண்டு வந்தார். தபால்காரர் வயிற்றில் செதில் செதிலாக வரைந்தார். கேட்டதற்கு, இறகு என்றார். வெள்ளிக்கிழமை மாலை பன்னிரண்டாவது பனியனை எலாடியோவே போட்டுக்கொண்டார். மற்ற பதினொன்றும் போயிருந்தன. சாலையில் பெஞ்சு போட்டு, வாழையிலையில் கட்டி வேகவைத்த சோளமாவுத் தமாலைப் பிரித்துத் தின்றுகொண்டு, எல்லோரும் சிட்டின் கண்ணைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எலாடியோ அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அவருக்கே புதிதாக இருந்தது.

பிரிசில்லாவுக்குப் படம் போயிற்று. பதிலுக்குக் குரல்செய்தி வந்தது.

“அண்ணே, இது மீனா?”

“பதினோரு தொண்டர்மா! இந்தச் சின்ன ஊருல பதினோரு பேர்!”

“அது சரிண்ணே. ஆனா இது மீனா?”

அன்றிரவு எலாடியோ தூங்கவில்லை. முழுவதையும் வெள்ளையடித்து அழித்துவிடலாமா என்று விடியற்காலையில் டப்பாவோடு போனார். அங்கே ஏற்கெனவே ஹன்னியா நின்று சிட்டின் மூக்கில் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அழகா இருக்கு” என்றார்.

மார்செலா உமான்யா ஒரு பழைய ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே பிரிசில்லா, கையேட்டை மார்போடு அணைத்தபடி. வேட்பாளர் சுவரைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

“இது…”

“சிட்டு!” என்றார் எலாடியோ.

“பறவைதான்” என்றார் மெல்வின், கொஞ்சம் தள்ளி நின்று.

தபால்காரர் வாயிலிருந்து “மீன்” என்று பாதி வந்தது. ஹன்னியா அவர் காலை மிதித்தாள்.

எலாடியோ தொப்பியைக் கழற்றினார். “மேடம், தப்பு என்னோடதுதான். நான் பஸ் ஓட்டினவன். படம் வரையத் தெரியாது. இவங்க எல்லாரும் எனக்காகக் கஷ்டப்பட்டாங்க. பக்கம் ஒன்பது, பத்து, பதினொண்ணு, எல்லாத்தையும் மீறிட்டேன்.”

வேட்பாளர் சுவரை விட்டுத் திரும்பினார். பச்சை பனியன் போட்ட பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“எழுபது ஊர் சுவரைப் பாத்துட்டேன், ஐயா. எல்லா ஊருலயும் சிட்டு சரியா இருந்துச்சு. பக்கத்துல ஆள்தான் இல்லை. இங்க சிட்டு எப்படியோ போகட்டும்.” அவர் எலாடியோவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெயின்ட் அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது. “உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்.”

பிரிசில்லா கையேட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு, தேர்தல். பதினோரு பேரும் பச்சை பனியனோடு பள்ளிக்கூட வாசலில் நின்று, முடியாதவர்களைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்கள். எலாடியோ கட்சியின் சார்பில் ஓட்டுப்பெட்டி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கையைக் கவனித்தார். மாலை ஆறரைக்குள் எண்ணி முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.

“உமான்யா, ஒண்ணு” என்று வாக்குச்சாவடி அதிகாரி படித்தார்.

“பதினொண்ணா?”

“ஒண்ணு.”

“மறுபடி எண்ணுங்க. சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கும்.”

மறுபடி எண்ணினார்கள். ஒட்டியிருக்கவில்லை. ஒன்றுதான். அது யாருடையது என்று எலாடியோவுக்கு நன்றாகவே தெரியும்.

அவர் வெளியே வந்தார். முற்றத்தில் பதினோரு பேரும் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கென்று ஒரு கோப்பையை மூடி வைத்திருந்தார்கள். நடந்து போகும்போதே கோபப்பட முயன்றார். அந்தக் கோப்பையைப் பார்த்ததும் பாதி கோபம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

“ஒரு ஓட்டு” என்றார். “ஒண்ணே ஒண்ணு.”

பதினோரு பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

“மெல்வின், நீங்களாவது?”

“நான் சிவப்புக் கட்சியோட ஊர்த் தலைவர், அண்ணே. வேற யாருக்குப் போடுவேன்?”

“அப்புறம் எதுக்கு நாலு நாள் நின்னு வால் வரைஞ்சீங்க?”

“வால் சரியில்லையே!”

“ஹன்னியா?”

ஹன்னியா தரையைப் பார்த்தாள். “எங்க வீட்டுல அப்பா காலத்துலேர்ந்து நீலக் கட்சிண்ணே.”

“அப்ப இந்தக் கட்சிக்குன்னு இங்க ஒருத்தர்கூட வரலையா?”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது சேப்பெ தொண்டையைக் கனைத்தார். அவர் பேசப் போகிறார் என்று தெரிந்ததும் முற்றமே அமைதியானது.

“கட்சியெல்லாம் எங்களுக்கு எதுக்குண்ணே? அண்ணி போனதுலேர்ந்து ரெண்டு வருஷமா கதவையே திறக்காத மனுஷன் தெருவுக்கு வந்துட்டாரு, படம் முடிஞ்சா திரும்பி உள்ள போயிடுவாரேன்னுதான் ஆளாளுக்கு வந்து அதைக் கெடுத்துக்கிட்டே இருந்தோம்.”