பட்டியலில் இல்லாத ஆபத்து

இல்லை, நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டே என் மருமகன் மூன்று நாள் தெருவைத் தண்ணீரில்லாமல் தவிக்கவிட்டார் என்கிறாள் மாடிவீட்டுக்காரி. வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்கிறார் தையல்காரர். இருவருக்கும் அவருடைய இனம் புரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்த இனம்தான். முன்கூட்டியார் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். வெளியே கிளம்பும்போது ஒரு குடை, அது கிழிந்தால் என்ன செய்வது என்று இன்னொரு குடை, இரண்டையும் தூக்கிக் கை சுளுக்கினால் தடவத் தைலம், தைலம் கொட்டினால் துடைக்கத் துணி என்று எல்லாம் எடுத்து வைத்து, கடைசியில் பேருந்தைத் தவறவிடுகிறவர். குடிநீர் அலுவலகம் இப்படிப்பட்டவரை விடுமா? எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று தானே யோசித்துத் திறந்து மூடும் இயந்திரத்தை வாங்கியதும், அதைக் கட்டி மேய்க்க எதிர்பாராத ஆபத்துக் குழு என்று ஒன்றைப் போட்டு, இவரைத் தலைவராக்கினார்கள்.

வாரம் ஒரு கூட்டம். எதிர்பாராத ஆபத்துகளைப் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் ஏறியது எப்படி எதிர்பாராததாகும் என்று இவரே கேட்டு, எல்லாவற்றையும் அடித்துவிடுவார். அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து. எதிர்பாராத ஆபத்தை ஏழு நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. பொத்தானை அழுத்த மூன்று கையெழுத்து வேண்டும் என்று இன்னொரு விதி. மூன்றாவது ஆள் அடிக்கடி விடுப்பில் போனார். விடுப்பே எடுக்காத ஒருவரைத் தேடிப் பார்த்து, அந்தக் கையெழுத்தை இயந்திரத்துக்கே கொடுத்தார்கள். சிரிக்கிறீர்களா? அன்று கைதட்டினார்களாம்.

"மாப்பிள்ளை, அது கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"அதைப் போன மாசமே பட்டியல்ல போட்டு அடிச்சாச்சு அத்தை" என்றார்.

என் மகளுக்குப் பிரசவமாகி ஐந்தாம் நாள் அது நடந்தது. எங்கள் தெருவில் குழாய் மாற்றும் வேலை இருந்ததால் இரண்டு நாளாக யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. தெருவில் ஆளே இல்லை என்று இயந்திரம் முடிவுகட்டி, தண்ணீரை நிறுத்திவிட்டது. புகார் செய்தோம். ஆளில்லாத தெருவிலிருந்து வந்த புகார் என்று ஒதுக்கிவிட்டது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீரில்லை, துணி அலசத் தண்ணீரில்லை. குழு மூன்று நாள் எழுந்திருக்காமல் பேசியது. தண்ணீர் வராமல் போவது யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதானே, அது நம் குழுவில் வருமா? வரும் என்று ஒருவழியாக முடிவாகி இரண்டு கையெழுத்து விழுந்தது. மூன்றாவதாகப் போட வேண்டிய இயந்திரம், ஆளில்லாத தெருவுக்காகத் தன்னை நிறுத்தத் தேவையில்லை என்று பணிவாகப் பதில் அனுப்பியது.

அப்போதுதான் என் மகள் கூட்டத்துக்கே போன் போட்டாள். "உங்க பிள்ளை ஆளா இல்லையான்னு அந்த மெஷின்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

அவர் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் நின்றதும் ஊழியர்கள் கையாலேயே தண்ணீரைத் திறந்துவிட, கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டுக் குழாய் இருமி, துப்பி, ஊற்றியது.

அன்று மாலையே குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மூன்று வருடத்தில் தாங்கள் கண்டுபிடித்த ஒரே உண்மையான எதிர்பாராத ஆபத்து, தலைவர்தான் என்று. அதற்குள் மறுபடி ஓடவிடப்பட்டிருந்த இயந்திரம் முதல் ஆளாகக் கையெழுத்திட்டது. என் மருமகன் இரண்டு முறை படித்துவிட்டு, பிழையில்லாத தீர்மானம் என்று பாராட்டி, தானும் கையெழுத்திட்டு, கதவைத் திறந்து நடந்து வந்துவிட்டார். இதற்குப் பெயர் துரத்துவதா?

தலைவர் தானாக எழுந்து போனால் என்ன செய்வது என்று விதி இல்லையாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இத்தனையும் கேட்டுவிட்டு, அந்தக் கையெழுத்து விதியில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் செய்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்குமே என்று இப்போது யோசித்தீர்கள் பாருங்கள், அது உங்களுக்கான நாற்காலி.