முத்திரை குத்தப்பட்ட முதலிடம்

ஒருநாள் கிரிக்கெட்டில் எந்த நாட்டு அணி வலிமையானது என்ற கேள்வியை அதுவரை முடிதிருத்தும் கடைகளும் பேருந்துகளும்தான் தீர்த்துவந்தன. இத்தனை முக்கியமான விஷயம் அங்கீகாரமில்லாத ஆட்களிடம் இருப்பது நாட்டுக்கு நல்லதல்ல என்று அரசுக்குத் தோன்றியது. உலகக் கோப்பை நெருங்கிய சமயத்தில், அணிகளின் வலிமையை ஒப்பிட்டு அறிக்கை தரும்படி ஆணை பிறந்தது. விளையாட்டுத் துறை, "எங்களுக்கு மைதானத்துப் புல் மட்டும்தான்" என்று கைகழுவியது. வலிமை என்பது ஓர் அளவு. அளவு என்றால் எடை அளவைத் துறை. வேலை அங்கே போய், ஆய்வாளர் தலையில் விழுந்தது.

ஆய்வாளர் கடைகடையாய்ப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். எடைக்கல் இம்மி குறைந்தாலும் விடமாட்டார். அதனாலேயே பதவி உயர்வு அவர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இந்த முறையாவது பார்க்கும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பழைய ஆட்டங்களையெல்லாம் போட்டுப் பார்த்தார். ஓர் அணியின் வேகப்பந்து கண்ணுக்கே தெரியவில்லை. இன்னொன்று சுழலில் கில்லாடி. வேறொன்று எத்தனை பெரிய இலக்கையும் பதறாமல் துரத்தியது. நம் அணி ஆரம்பத்தில் ரன்னாய்க் குவித்துவிட்டுக் கடைசிப் பத்து ஓவரில் பொலபொலவென்று உதிர்ந்தது. கைக்கு வந்த கேட்சையெல்லாம் கீழே போட்டது. நியாயமாய் எடைபோட்டு, நான்காம் இடம் என்று எழுதினார்.

இயக்குநர் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"நாலாவதுன்னா, எங்கேருந்து? கீழேருந்தா?"

"மேலேருந்து சார்."

"நீங்க எந்த நாட்டுச் சம்பளம் வாங்கறீங்க?"

"இந்த நாட்டுதுதான் சார். ஆனா கேட்ச் நிறைய விடறாங்க."

"விட்டதைப் பார்த்தீங்க. விட்ட பிறகும் முகம் வாடாம நின்னாங்களே, அதைப் பார்த்தீங்களா? அதுக்குப் பேரு மன உறுதி. சேருங்க."

மன உறுதி சேர்ந்தது. நம் அணி மூன்றாம் இடத்துக்கு ஏறியது. விளம்பரத்தில் நடிக்கும் திறன் சேர்ந்தது. இரண்டாம் இடம் வந்தது. முதலிடத்து அணிதான் அசைய மறுத்தது.

"அவங்க எப்பவும் ஜெயிச்சுக்கிட்டே இருக்காங்க சார்."

"அப்போ தோத்துப் பழக்கமில்ல. அனுபவக் குறைவுன்னு போட்டு மார்க்கைக் குறைங்க."

கடைக்காரன் எவனாவது தராசை இப்படிச் சாய்த்திருந்தால் ஆய்வாளர் அவனைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார். பதவி உயர்வை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அமைச்சர் மேடை போட்டு அறிக்கையை வெளியிட்டார். ஊரே கொடி கட்டிக்கொண்டு சுற்றியது. அச்சகத்தில் வேலை பார்க்கும் மைத்துனன் வீடு தேடி வந்து, "அத்தான், எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க ஆதாரத்தோட சொல்லிட்டீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். முதலிடம் உறுதியான பின் பயிற்சி எடுப்பது அரசு அறிக்கையைச் சந்தேகிப்பதாகும் என்று கிரிக்கெட் வாரியம் பயிற்சியை ரத்து செய்தது.

முதல் ஆட்டத்தில், அறிக்கையில் கடைசியிடம் பெற்ற அணியிடம் நம் அணி படுதோல்வி அடைந்தது.

அமைச்சர் வெளியிட்ட அறிக்கை தவறாக இருக்க வழியில்லை. ஆகவே ஆட்டம்தான் தவறு. ஆடுகளத்தில் குறை கண்டுபிடிக்க ஆய்வாளர் அனுப்பப்பட்டார். வெயிலில் குனிந்து நாடா பிடித்தார். ஆடுகளத்தின் நீளம் சரி. ஸ்டம்பின் உயரம் சரி. பந்தின் எடையும் சரி. ஒரு முறை வளைந்த கை இந்த முறை வளைய மறுத்தது. உள்ளதை உள்ளபடி எழுதினார்.

"ஒண்ணுகூடவா குறையல?" என்றார் இயக்குநர். "அப்போ குறை உங்க மேலதான். மாற்றலுக்குத் தயாராகுங்க."

ஆய்வாளருக்கு வெறுத்துப்போனது. "என் மச்சினன் மேல எழுதுங்க சார். டிவில ஆட்டம் பார்க்கறப்போ நடுவுல தண்ணி குடிக்க எழுந்தான். விக்கெட் விழுந்துது."

இயக்குநர் சிரிக்கவில்லை. பேனாவை மெல்ல மூடினார்.

"எங்க வீட்டுலயும்தான். கால் மேல கால் போட்டிருந்தேன். கொஞ்சம் இறக்கினேன். கேப்டன் அவுட்."

மறுவாரமே 'பார்வையாளர் இருக்கை ஒழுங்கு விதிகள்' வந்தன. ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு எவரும் எழக்கூடாது. ஆய்வாளருக்கு இருக்கை ஒழுங்குத் துணை இயக்குநராகப் பதவி உயர்வு. ஊர் சிரிக்கும் என்று அவர் கூசிப்போய்க் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அறிக்கையைக் கேலி செய்துவந்த எதிர்வீட்டு வக்கீல் தயங்கித் தயங்கி வந்தார். "அன்னிக்கு நடுவுல சட்டை மாத்திட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

அடுத்த ஆட்டத்தன்று ஆய்வாளர் வீட்டுக் கூடத்தில் உறவெல்லாம் டிவி முன் சிலையாய் உட்கார்ந்திருந்தது. புது அதிகாரிக்கு அவசரமாய்க் கழிப்பறை போகவேண்டியிருந்தது. நம் வாயில் வந்த உளறல்தானே என்று பாதி எழுந்தார். ஸ்டம்ப் பறந்தது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"என்னங்க, உட்காருங்க" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

உட்கார்ந்தார். அடுத்த பந்து பவுண்டரி. அதன்பின் இமைக்கக்கூட யோசித்தார்.

அன்றும் தோற்றோம். இரவெல்லாம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் தன்மேல் தானே புகார் எழுதிக்கொண்டு அலுவலகம் போனார். வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை நின்றது. ஆளுக்கொரு புகார், தன்மேல் தானே எழுதியது. வாங்கிக்கொள்ள உள்ளே ஆளில்லை. இயக்குநரும் வரிசையில்தான் நின்றார். கடைசி ஓவரில் தும்மிவிட்டாராம்.