பூச்சு இல்லாத கட்டடத்தைப் பற்றி மருமகளுக்கு

அன்பு மருமகள் வெற்றிச்செல்விக்கு,

விக்கிரமங்கலத்திலிருந்து உன் தாய்மாமன் மாயவன் நிறைந்த ஆசியோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது. இங்கே உன் அத்தை நலம், இந்த வருடம் முந்திரிக் காய்ப்பும் பரவாயில்லை. சென்னையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நீ வரைபடம் போட்டுக் கொடுத்த நம் முந்திரி உழவர் சங்கக் கட்டடம் மிக மிக நலம். அதைக் கட்டுவித்த சங்கத் தலைவனாகிய நான்தான் நலமில்லை. போனில் சொல்லலாம். ஆனால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், கோபம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

திறப்பு விழாவுக்கு நீ வர முடியாமல் போனது நல்லதாகப் போயிற்று. அரியலூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் பூசாத மண்கட்டிச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தலைவரே, பூச்சு வேலை எப்ப முடியும்?" என்று காதோரம் கேட்டார். "முடிஞ்சிருச்சுங்க, இவ்வளவுதாங்க" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். கூரைக் கான்கிரீட்டுக்கு நடுவே நீ வரிசையாகக் கவிழ்த்துப் பதித்த மண்சட்டிகள் அவரைப் பார்த்தன. சட்டி இருந்தால் சூடு கீழே இறங்காது, சிமென்டும் மிச்சம் என்று நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு மேடையேறி, 'இல்லாமையிலும் தளராத இந்தச் சங்கத்துக்கு என்னால் ஆன சிமென்ட் மூட்டைகளை அனுப்பி வைப்பேன்' என்று அறிவித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். திரும்பிய பக்கமெல்லாம் சிமென்ட் லாரி ஓடுகிற மாவட்டத்தில், சிமென்ட் வாங்க வக்கில்லாதவன் என்று பெயர் எடுத்த ஒரே தலைவன் நான்தான்.

அடுத்தது உன் காற்று. தெற்குச் சுவரை ஓட்டை ஓட்டையாக வைத்தாய், காற்று அதன் வழியே நுழைந்து உயரத்துத் திறப்பு வழியே வெளியேறும் என்றாய். சொன்னபடியே நுழைகிறது. வெளியேறும்போது உறுப்பினர் விண்ணப்பங்களையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஒரு விண்ணப்பத்தில் டீக்கடைக்காரர் வடை மடித்து, அதைப் பூர்த்தி செய்தவருக்கே கொடுத்திருக்கிறார். செயலர் கலைமணி மேசையெல்லாம் கல்லாக அடுக்கி வைத்துக்கொண்டு, "தலைவரே, இது ஆபீசா, சுண்ணாம்புக்கல் குவாரியா?" என்று கேட்கிறாள். ஏசி இல்லாமலே குளுகுளு என்று இருக்கும் என்றாய், இருக்கிறது, அதுதான் வம்பே. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் இங்கேதான் நிற்கிறார்கள், நின்றவர்கள் உட்காருகிறார்கள், உட்கார்ந்தவர்கள் படுக்கிறார்கள், பஸ் போய்விடுகிறது. போன வாரம் ஒரு கூட்டம் வந்தது, புது உறுப்பினர்கள் என்று நினைத்து எழுந்து நின்று வரவேற்றேன், தாம்பூலத் தட்டை நீட்டினார்கள். பெண் பார்க்க வந்தவர்களாம். பெண் வீட்டில் வெக்கை தாங்காதாம்.

இதெல்லாம் போகட்டும். என் தூக்கத்தைக் கெடுத்தது பங்காளி செல்லக்கண்ணுதான். திறப்பு விழா முடிந்த மறுநாளே வந்தான். சுவரில் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"ஏண்ணே, எங்கப்பனும் ஒங்கப்பனும் மண்ணுச் செவுத்துக்குள்ள கெடந்தது போதாதா? மழைக்கி மழை செவுரு கரையும், அம்மா அழுவும். கல்லு வூட்டுக்கு வர்றதுக்கு நமக்கு ஒரு ஆயுசு ஆச்சு. நம்ம வூட்டுப் பொண்ணே படிச்சிட்டு வந்து, திரும்ப மண்ணுக்குள்ள போங்கங்குதே."

"இது மெஷின்ல அழுத்திச் செஞ்ச மண்ணுக்கட்டிடா. எந்த மழைக்கும் கரையாது."

"கரையாதுன்னு எனக்கும் தெரியும்ணே. பாக்குறவன் கண்ணுக்கு மண்ணுதான?"

இதற்குப் பதில் இருக்கிறதா என்று உன் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன் செல்வி, அதில் இல்லை.

அவன் ஊரைக் கூட்டிவிட்டான். சிறப்புக் கூட்டம் போட வேண்டும், சுவர் முழுக்க சிமென்ட் பூச வேண்டும், ஓட்டைச் சுவரை அடைக்க வேண்டும், ஏசி வைக்க வேண்டும் என்று தீர்மானம். அது நிறைவேறினால் நீ போட்ட கட்டடத்தில் மிஞ்சுவது வாசற்கதவு மட்டும்தான். கத்திரி வெயிலில் கூட்டத்துக்கு நாள் குறித்தோம். முதல் நாள் சாயங்காலம் சூறைக்காற்று அடித்துக் கம்பங்கள் சாய்ந்து, ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. செல்லக்கண்ணு மகள் சுமதி பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவன் ஆசை ஆசையாகக் கட்டிய கான்கிரீட் தார்சு வீடு விடிந்தும் அடுப்பு மாதிரி கொதிக்க, குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு, ஓயாத அழுகை. சுமதி யாரிடமும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே சங்கத்துக்கு வந்துவிட்டாள். கலைமணி மின்விசிறிக் கொக்கியில் சேலையைக் கட்டித் தூளி போட்டுக் கொடுக்க, குழந்தை தூங்கிவிட்டது.

கூட்டத்துக்கு ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்கள். நான் எழுந்து, "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். "மெதுவா பெரியப்பா, இப்பதான் கண்ணசந்துச்சு" என்றாள் சுமதி. அவ்வளவுதான், கூட்டம் முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது. ஆளுக்கு ஆள் ரகசியக் குரலில் திட்டிக்கொண்டார்கள். மேசையைக் குத்தக் கையை ஓங்கிய ஒருவர், பாதியில் நினைவு வந்து, பூவை வைப்பது போலக் கையை வைத்தார். கடைசியில் தீர்மானத்தை முன்மொழியச் செல்லக்கண்ணு எழுந்தான். ஒரு கை தூளிக் கயிற்றில் இருந்தது. "இந்தக் கட்டடம் நமக்கு..." என்று ஆரம்பித்தான். குழந்தை சிணுங்கியது. நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவன் தூளியை ஆட்டினான். சிணுங்கல் நின்றது. கையில் இருந்த தீர்மானத்தாளை மடித்து, குழந்தைக்கு விசிறிக்கொண்டே, "அப்பறம் பேசிக்கலாம்ணே" என்றான். எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

பிறகு என்னிடம் தனியாகச் சொன்னான்: "உள்ள நல்லாத்தாண்ணே இருக்கு. இல்லங்கல. தெருவுல போறவன் பாக்குற பக்கம் மட்டுமாச்சும் பூசிருவோம்." எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆகவே நீ உடனே புறப்பட்டு வா. வந்து, சுவர் மூச்சுவிடும், மின்சாரம் மிச்சம் என்று அவனுக்குப் பாடம் எடுக்காதே. அவனுக்கு நாலு பேர் முன்னால் மரியாதை வேண்டும், அதை எந்த வரைபடத்தில் எப்படிப் போடுவது என்று யோசி. முன்பக்கச் சுவருக்குப் பூச்சு கட்டாயம். அப்படியே காற்றையும் கொஞ்சம் குறை. தலைவர் அறைக்கு மட்டும் ஒரு சின்ன ஏசிக்கு வழி இருக்கிறதா என்றும் பார்.

உன் அத்தை முந்திரிப்பருப்பு அனுப்புகிறாள், தோழிகள் முன்னால் பிரிக்காதே, உனக்கு மிஞ்சாது. நீ எங்கே எதைக் கட்டினாலும் அதில் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்
மாயவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்திருக்கிறேன். இன்று பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து விவசாயிகள் வேன் பிடித்து நம் கட்டடத்தைப் பார்க்க வந்துவிட்டார்கள். நான் எழுந்து வருவதற்குள் செல்லக்கண்ணு பின்னால் கை கட்டிக்கொண்டு சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். "யாருங்க கட்டுனது?" என்று கேட்டார்கள். "நாங்கதான். மண்ணுல எங்களுக்கு மேல பாடுபட்டவன் எவன் இருக்கான்? படம் போட்டது எங்க வூட்டுப் பொண்ணு" என்றான். வேன் போனதும் என்னிடம் ஓடி வந்தான். "செல்விக்கு எழுதிட்டீங்களாண்ணே? பூச்சு கீச்சுன்னு ஒரு வார்த்த எழுதிராதீங்க. அவனுவ வீடியோ எடுத்துட்டுப் போயிருக்கானுவ. இனிமே மாத்துனா நம்ம மானம் என்னாவறது?" ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் முந்திரிப்பருப்பையும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள். முக்கியமாக, நான் ஏசி கேட்டது அவனுக்குத் தெரிய வேண்டாம்.